இனிப்பு போடாத பண்டாரி

போர்ட் பிளேரில் ஒரு தலைமுறைக் கல்யாணங்களையே கெடுத்தவர் என்று யாருக்காவது சிலை வைப்பதென்றால், அதைப் பண்டாரி பாய்க்குத்தான் வைக்க வேண்டும். சமையல்காரரைப் பண்டாரி என்பது கப்பல் வழக்கம். கப்பலில் சமைத்துக்கொண்டு வந்தவர், அபர்டீன் பஜாரில் தங்கி, கல்யாண விருந்துகளுக்குச் சமைக்க ஆரம்பித்தார். சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

அவர் பிரியாணி தேக்சாவைத் திறந்தால் அடுத்த மேட்டில் இருப்பவனுக்கும் பசி எடுக்கும். ஆனால் இனிப்பு மட்டும் போடவே மாட்டார். அறுபதுகளில் கப்பல் தாமதமானால் சர்க்கரையே கண்ணில் படாது. கல்யாண வீட்டில்தான் கொஞ்சம் நாக்கு இனிக்கும். அதிலும் பாய் மண்ணைப் போட்டார். "கேசரி கட். அதுக்கு ஆகுற சர்க்கரை, நெய், முந்திரிக் காசை இதுல போடுங்க" என்று பெண் வீட்டார் முன்னால் தோள் துண்டை விரிப்பார். தான் சமைக்காத கல்யாணத்தையும் விட்டுவைக்க மாட்டார். என் கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தலுக்கே வந்து நின்றார்.

"கிளார்க் தம்பி, பாயசம் பந்த்."

"பாய், மாமனார் மெயின்லேண்ட்லேர்ந்து வந்திருக்கார். என் மானம் போயிடும்."

"மானம் அடுத்த கப்பல்ல வரும். சர்க்கரைக் காசை எடு."

எடுத்துக் கொடுத்தேன். இங்கே பால் கிடைக்காது என்று மாமனாரிடம் ஒரு பொய்யும் சொன்னேன். பாவம், அந்தமானில் மாடே கிடையாது என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தக் காசு எதற்கு என்பதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. பாய்க்கு ஒரே பெண் குழந்தை இருந்தாள். திடீரென்று உடம்பில் நீலம் நீலமாகக் கன்றிப் போய், ஈறில் ரத்தம் கசிந்தது. இங்கே மலேரியா என்றார்கள். பிறகு சோகை என்று டானிக் கொடுத்தார்கள். கடல் தாண்டி மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் ஒரு பெரிய டாக்டர் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. குழந்தை அங்கேயே இறந்துபோனாள்.

"எங்க தீவுல ஏன் சாப் இது யாருக்கும் தெரியல?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"இங்கேயே தெரிஞ்சவங்க கொஞ்சப் பேர்தான். சின்ன வயசு டாக்டருங்க இதைப் படிக்க வர்றதில்லை. சம்பளமில்லாத படிப்பு. அதுவரை அவங்க குடும்பத்துக்கு யார் சோறு போடுறது?"

சோறு போடுவதுதானே நம் தொழில் என்று பாய் கப்பலேறிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊருக்கு வரும் ஒவ்வொரு இளம் டாக்டருக்கும் பிரியாணி பார்சல் போனது. முதல் கவளம் வாய்க்குள் போனதும் பாய் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "குழந்தைங்க கேன்சருக்குப் படிக்கப் போறீங்களா, டாக்டர் சாப்?" என்பார். உடனே புரையேறும். நாளடைவில் பிரியாணி வாசம் வந்தாலே டாக்டர்கள் பின்வாசல் வழியாக ஓட ஆரம்பித்தார்கள்.

ஓடாதவன் ஒருவன்தான். ஊரின் ஓரத்தில் மின்னி பே என்ற பகுதியைச் சேர்ந்த பையன், அப்பா இல்லாதவன். அவன் சம்பளத்தில்தான் அம்மாவும் தங்கைகளும் சாப்பிட்டார்கள். சின்ன டாக்டர் என்று கூப்பிடுவோம். "எனக்கு ஆசைதான் பாய். வீட்டை யாரு பாப்பா?" என்றான்.

"நான் எதுக்கு இருக்கேன்?"

மெட்ராஸில் அவனுக்குச் செலவுக்குப் பணம், மின்னி பேயில் அவன் வீட்டுக்கு அரிசி, பருப்பு, மீன். ஊரே இனிப்பில்லாமல் அவனைப் படிக்க வைத்தது. திட்டிக்கொண்டேதான்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பல் ஆபீஸ் குமாஸ்தாவான நான் துறைமுகத்தில் நிற்கிறேன். பாய் வெங்காய மூட்டை இறக்க வந்திருக்கிறார். கப்பல் ஏணியில் சின்ன டாக்டர் டிரங்குப் பெட்டியோடு இறங்கி வருகிறான்.

"எறங்காதே!" பாய் ஏணியின் அடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பின்னால் பயணிகள் ஹிந்தியிலும் பெங்காலியிலும் தெலுங்கிலும் கத்தினார்கள். பாய் அசையவில்லை. "ஏன்டா வந்தே?"

"முடியல பாய். மருந்து குடுத்தா எழுந்து விளையாடுதுங்க. ரெண்டு மாசத்துல திரும்பப் படுத்துடுதுங்க. நான் பாத்ததுல ஒண்ணுகூடப் பிழைக்கல. உங்க காசை வாங்கிட்டு சாவைப் பாத்துட்டு நிக்கிறேன்."

"காப்பாத்தச் சொல்லியாடா அனுப்பினேன்? கத்துக்கத்தானே அனுப்பினேன்! என் பொண்ணு எதுல சாகுறான்னு சொல்லக்கூட இங்க ஆளில்ல. மேல போடா!"

கப்பல் திரும்பப் புறப்படும்வரை அவனைத் தரையில் கால் வைக்க விடவில்லை. கப்பல் பண்டாரி இவருடைய பழைய கூட்டாளி என்பதால் காபினும் கிடைத்தது. பெற்ற தாய் ஏணி ஏறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். "யே க்யா தமாஷா ஹை?" என்று அதட்ட வந்த போலீஸ்காரர் இரண்டு தட்டு பிரியாணி தின்றுவிட்டுக் காவலுக்கு நின்றார். டிக்கெட் எழுதிக் கொடுத்த பாவம் என்னுடையது. கப்பல் நகர்ந்தபோது பையன் டெக்கில் நின்று அழுதான். பாய் அந்தப் பக்கமே திரும்பாமல் வெங்காயத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

படிப்பை முடித்துவிட்டுத்தான் வந்தான். அவனிடம் முதலில் வந்தது ஹேவ்லாக் தீவில் குடியேறிய பெங்காலி விவசாயி ஒருவரின் மகன். நோயின் பெயரை அன்றே தகப்பனிடம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினான். மெட்ராஸிலிருந்து மருந்து வரவழைத்தான். குழந்தை எழுந்து ஓடியது, பாயின் தோளில் ஏறிப் பஜாரைச் சுற்றியது. மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி படுத்தது. பிறகு எழவில்லை.

சுடுகாட்டிலிருந்து பாய் நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தார். பையனை அடித்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். சின்ன டாக்டர் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாய் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் புள்ளைகிட்ட என்னடா கத்துக்கிட்டே?"

பையன் முதலில் விசும்பினான். பிறகு சொன்னான். ரத்தம், எலும்பு மஜ்ஜை, எந்த மருந்தை எப்போது கூட்டியிருக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கு எதை மாற்ற வேண்டும், எல்லாம் சொன்னான். முக்கால்வாசி இங்கிலீஷ். சொல்லி முடிக்கும்வரை பாய் தலையாட்டிக்கொண்டே கேட்டார், கையை விடவில்லை.

அவன் வார்டுக்குப் போன பிறகு, "ஏதாவது புரிஞ்சுதா பாய்?" என்றேன்.

"ஒரு எழுத்துகூடப் புரியல தம்பி. அவனுக்குப் புரிஞ்சிருக்கு. அடுத்த புள்ளைக்கு ஆகும்."

ஊரையே நடுங்க வைத்த மனிதர் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். பஜார் வரைக்கும் மெதுவாகவே நடந்தேன். அவர் அந்தக் கையை எடுத்துவிடக் கூடாதே என்று இருந்தது எனக்கு.