காட்டன் அண்ணாச்சி தைத்த சீட்டு

விருதுநகரிலிருந்து சிவகாசி வரை வண்டி ஓட்டிப் பிழைக்கிற அத்தனை பேரின் பின்பக்கத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்டவர், ஆமத்தூருக்குப் பாதை பிரிகிற விலக்கில் குஷன் கடை போட்டிருந்த காட்டன் அண்ணாச்சி. சொந்தப் பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒரு வருஷம் என் பிக்கப் வண்டி சீட்டில் ஸ்பிரிங் வெளியே வந்துவிட்டது. தீபாவளி நெருங்குகிறது. இடுப்பு போனால் சீசன் போச்சு. சீசன் போனால் வருஷமே போச்சு.

"ரெக்ஸினாப் போடுங்கண்ணாச்சி, தொடைச்சுக்கிடலாம்" என்றேன்.

அவர் சீட்டைப் பார்க்கவில்லை. என் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பாலியஸ்டரா? வெடி லோடு ஏத்துறீக, உரசுனாப் பொறி பறக்குற சட்டையோட ரெக்ஸின்ல உக்காருவீகளோ? கம்பெனியில பொம்பளையாளுக நூல் சேலை கட்டித்தான மருந்தத் தொடுதாக? போயி மாத்திட்டு வாங்க தம்பி."

மாற்றிக்கொண்டு வந்தேன். வேறு வழி? பால் வண்டிக்காரருக்கும் இதே கதிதான். "பால் எங்கண்ணாச்சி வெடிக்கும்?" என்று கேட்டவரை, "வெடி வண்டி பக்கத்துல நிப்பாட்டித்தான டீ குடிக்கீக?" என்று மடக்கினார்.

பழைய ஃபோமைப் பிய்த்தெறிந்து, இலவம்பஞ்சு அடைத்து, நீலப் பூப்போட்ட பருத்தித் துணியில் உறை தைத்தார். ஏறி உட்கார்ந்தால் மாமனார் வீட்டுக் கட்டில் மாதிரி இருந்தது. இடுப்பு வலியும் விட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நிலைக்கவில்லை.

விருதுநகரில் மிளகாய் வத்தல் லோடு கிடைத்தது. மூட்டை ஏற்றும்போது வண்டிக் கதவைத் திறந்தே வைத்துத் தொலைத்தேன். மிளகாய்த் தூசியை ரெக்ஸினிலிருந்து துடைத்திருக்கலாம்; பருத்தி மொத்தத்தையும் குடித்துவிட்டது. வேர்வையும் சேர, சாத்தூர் வருவதற்குள் நின்றுகொண்டே ஓட்ட வழி உண்டா என்று யோசித்தேன். கடைசியில் ஓரங்கட்டி, கைலியோடு ஒரு அடிகுழாய்க்குக் கீழே உட்கார்ந்தேன். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

லோடை இறக்கிவிட்டு நேரே அண்ணாச்சி கடைக்குப் போய்க் கத்தினேன். அவர் ஸ்டூலை நகர்த்தி, "உக்காந்து பேசுங்க" என்றார்.

"உக்கார முடிஞ்சா நான் ஏன் இங்கன வாரேன்?"

அவர் சிரிக்கவில்லை. "வத்தக் காந்தலுக்குத் தண்ணியில உக்காந்து எந்திரிச்சுக்கிடலாம் தம்பி. நெருப்புக்கு எங்க போயி உக்காருவீக?"

ஒவ்வொரு சீசனிலும் எங்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு ஊருக்கு அந்த நெருப்புச் செய்தி வரத்தான் செய்கிறது.

பிறகு வத்தலுக்கு ரெக்ஸின், வெடிக்குப் பருத்தி என்று நாடா வைத்து இரண்டு உறை தைத்துக் கொடுத்தார். அதோடு விட்டாரா? தினமும் காலையில் ரோட்டில் நின்று வண்டியை மறித்து, உறையைப் பார்த்து, என் சட்டையையும் தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்புவார். இந்த மனுஷனிடமிருந்து விடுதலையே இல்லையா என்று வருஷக்கணக்கில் புலம்பினேன்.

கிடைத்துவிட்டது. அண்ணாச்சி கோடையில் போய்ச் சேர்ந்தார். இந்த சீசனில் கடை பூட்டிக் கிடக்கிறது. ஆனாலும் அந்த விலக்கு வந்ததும் வண்டியை நிறுத்துகிறேன். என் சட்டைக் கையை நானே இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொள்கிறேன். கண் காந்துகிறது. வத்தல் லோடு ஏற்றி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.