ஒன்று கூட்டிக்கொள்

"லிஃப்ட் என்னைப் பல் டாக்டர்கிட்ட இறக்கி விட்டுடுச்சுய்யா!"

மேலாளர் மூச்சு வாங்க நின்றார். கழுத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் துண்டு தொங்கியது. லிஃப்ட் கதவு திறந்ததும், கைபேசியைப் பார்த்துக்கொண்டே நேராக நடந்துபோய் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்ன பிறகுதான் அது தன் அறை இல்லை, நாலாவது மாடிப் பல் மருத்துவமனை என்று உறைத்திருக்கிறது.

"காலைலேர்ந்து அந்த லிஃப்டை என்ன பண்ணினே?"

"சுத்தம் பண்ணினேன் சார்," என்றான் ரப்பர், பெருமை பொங்க.

ஐந்தாவது மாடியில் இருக்கும் அந்த நிறுவனம், லிஃப்டுகளை ஓட்டும் கணினிகளுக்கு இயங்குதளம் எழுதுகிறது. அதன் நடுநெஞ்சுக்குக் கெர்னல் என்று பெயர். மற்றவர்கள் அதில் வரிகளைச் சேர்ப்பார்கள்; நம்மாள் எடுப்பான். அதனால் வந்த பட்டப்பெயர்தான் ரப்பர். நாலு வரியை நீக்கிவிட்டால் அவனுக்கு விருந்து சாப்பிட்ட திருப்தி.

கெர்னலின் தலைமாட்டில் சில வரையறைகள் இருக்கும். இன்ன சாமான் மாட்டியிருந்தால் இன்னபடி நடந்துகொள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வரிகள். அன்று ரப்பர் பிடித்தது அதில் ஒரு கிழட்டு வரி. பழைய கட்டுப்பாட்டுப் பலகை மாடிகளை ஒன்று குறைத்து எண்ணுமாம். ஆகவே ஒன்று கூட்டிக்கொள் என்றது அது. பலகை காயலாங்கடைக்குப் போய் ஒரு மாமாங்கம் ஆகிறது. வரி மட்டும் இன்னும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே சட்டமாக உட்கார்ந்திருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கேன் வம்பு என்று எல்லாரும் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். ரப்பர் தாண்டவில்லை. நீக்கினான். புதிய கெர்னலைக் கையோடு அந்தக் கட்டடத்து லிஃப்டிலேயே ஏற்றினான்.

"சாயங்காலம் மேடம் வர்றாங்க. அவங்க கட்டுற கட்டடம் அத்தனைக்கும் நம்ம லிஃப்ட்தான் போடணும்னு நான் தவம் கிடக்கிறேன். இதுல சொதப்பினே, நாளைலேர்ந்து புகார் செக்‌ஷன்ல உட்கார்ந்து ஃபோன் எடு!"

புகார் செக்‌ஷன் ரப்பருக்குப் புதிதில்லை. முன்பு ஒருமுறை அங்கே குப்பை கொட்டியிருக்கிறான். "குழம்புல உப்பு போதுமா?" என்று மனைவி கேட்டால், "தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் கெர்னலுக்கு மாறிய பிறகுதான் திரும்பி வந்தாள். இன்னொரு தடவை போனால் வருவாளா என்பது சந்தேகம்.

"எடுத்த வரியைத் திரும்பப் போட்டுடு," என்றார் மேலாளர்.

"எடுத்தது சரிதான் சார். இன்னும் ஏதோ பழசு ஒட்டிட்டிருக்கு. அதையும் எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்."

தேடினான். சிக்கியது. பழைய ஒலிபெருக்கி கரகரக்கும், ஆகவே வாயைத் திறக்காதே என்றது அந்த வரி. ஒலிபெருக்கியை எப்போதோ மாற்றியாகிவிட்டது. தூக்கி எறிந்தான்.

சற்று நேரத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா இரைக்க இரைக்கப் படியேறி வந்தார்.

"தம்பி, வெளில போகலாம்னு வழக்கம்போலத்தான் பட்டனை அழுத்தினேன். கார் நிறுத்துற அடித்தளத்துல கொண்டுபோய் விட்டுடுச்சு. விட்டதோட நிக்காம, 'அடித்தளம்'னு கத்திச் சொல்லிக் காட்டுது!"

"பேசுதா அக்கா? இத்தனை வருஷம் ஊமையா இருந்துச்சே!" ரப்பருக்கு உச்சி குளிர்ந்தது.

"தப்பான இடத்துல விட்டுட்டுப் பேசினா என்ன, பாடினா என்ன?"

அதுவும் நியாயம்தான். மறுபடி தேடினான். பழைய மோட்டார் சூடாகும், ஆகவே மெதுவாகப் போ என்றது இன்னொரு வரி. மோட்டாரும் புதிது. அதையும் ஒழித்துக்கட்டினான்.

இப்போது தப்பான மாடிக்கு வெகு சீக்கிரம் போய்ச் சேர முடிந்தது. பல் டாக்டரே மூன்றாவது மாடித் தையல் வகுப்பில் போய் நின்றாராம். அங்கிருந்து ஃபோன் செய்தார்.

"உங்க ஆளுங்க இனிமே என் மாடில வந்து நின்னா, பல்லைப் பிடுங்கிட்டுத்தான் அனுப்புவேன்!"

ரப்பர் ஒருதரம் லிஃப்டில் ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் தொப்பை குறைய வேண்டும், படியில்தான் ஏறி இறங்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த லிஃப்டுக்குள் அவன் கால் வைத்ததில்லை.

கெர்னலை மேலிருந்து கீழே மறுபடி படித்தான். பளிங்கு மாதிரி இருந்தது. எடுத்ததெல்லாம் குப்பை, குப்பையை எடுத்து எந்த வீடாவது இடிந்து விழுந்ததுண்டா?

"மேடம் சீக்கிரமே வந்துட்டாங்க! நான் கீழ போறேன், நீ பழசையெல்லாம் அப்படியே போட்டுடு!" மேலாளர் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

ரப்பர் முதல் வரியைத் தட்டத் தொடங்கினான். பாதியில் விரல் நின்றது. மனைவியின் பெட்டி கண்முன் வந்தது. கூடவே கோபமும் வந்தது. சரியாகச் செய்ததைத் தப்பாக மாற்றித்தான் பிழைக்க வேண்டுமா? தட்டியதை அழித்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் ராஜா மாதிரி இருந்தது.

லிஃப்ட் கதவு திறந்தது. "ஐந்தாவது மாடி," என்றது கணீரென்று. கையில் இரண்டு கனமான பைகளோடு மேடத்தின் டிரைவர் மட்டும் இறங்கினார். தண்ணீர் கேட்டு வாங்கி, நாற்காலியில் ஆற அமர உட்கார்ந்தார்.

அப்புறம்தான் படிக்கட்டுக் கதவு திறந்தது. மேலாளரும் மேடமும் வியர்த்து வழிந்தபடி வந்தார்கள்.

"என்கிட்டயே வாயைத் திறங்கன்னு சொல்றாரு அந்த டாக்டர்! உங்க லிஃப்டே வேண்டாம்!" என்றார் மேடம்.

மேலாளர் ரப்பரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "நாளைலேர்ந்து நீ புகார்..."

டிரைவர் தம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு சார் அவரைத் திட்டுறீங்க? நீங்க ரெண்டு பேரும் இறங்கிப் போனதும் நான் அஞ்சை அழுத்தினேன், அஞ்சுல வந்து இறங்கிட்டேன். அஞ்சாவது மாடிக்கு வர்றதுக்கு நீங்க ஏன் சார் நாலை அழுத்துனீங்க?"