உப்பர் தேர்ந்தெடுத்த உப்பு

அந்த நாளில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கத் தேடினாலும் உப்போடு கதைக்கும் மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் ஆய்வுகூடத்து உப்பர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மஞ்சளின் நிறச்சத்தை மதுசாரத்தில், அதாவது அல்ககோலில், பிரித்தெடுப்பதில் பன்னிரண்டு வருடமாக நான்தான் அங்கே அரசி. கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்த உப்பர் முதல் கிழமையே என் முடியை ஆட்டிவிட்டார்.

"அக்கா, மதுசாரம் பறந்துபோகும், தீப்பிடிக்கும். என்ரை உப்பு அப்பிடியில்லை."

"உப்பிலை எப்பிடி மஞ்சளைக் கரைக்கிறது?"

"இது திரவ உப்பு அக்கா. உருக்காமலே ஓடும்."

அவர் உப்புத் தெரிவு செய்வதுதான் கூத்து. ஒரு போத்தலைச் சரித்துப் பார்த்து, "நீ சீனிப்பாணி மாதிரி இழுபடுறாய், மஞ்சளுக்குள்ளை போகமாட்டாய்" என்று ஒதுக்கினார். அடுத்ததிடம், "உனக்குத் தண்ணியோடை ஒத்துவராது, குறை நினையாதை" என்றார். மூன்றாவது தேறியது. பேராசிரியர் அவர் மேசையிலேயே நின்றார். கொழும்புக் கருத்தரங்கில் பேச ஒருவருக்குத்தான் இடம். எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்கு முந்திவிட, ஞாயிற்றுக்கிழமை தனியே போய் அந்த மூன்றாவது போத்தலை எடுத்தேன். மஞ்சள்தூளை ஊறவைத்து வடித்தேன். நிறம் அருமையாக இறங்கியது. மதுசாரமென்றால் சூடாக்க ஆவியாகிவிடும், சத்து மிஞ்சும். இதையும் சூடாக்கினேன். மத்தியானம்வரை சூடாக்கினேன். ஒரு துளி குறையவில்லை.

"அக்கா, பொங்கல்வரை வைச்சாலும் உது ஆவியாகாது."

வாசலில் உப்பர்! அவரோ கோபிக்காமல், ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றினார். திரவம் கலங்கி, மஞ்சள் பொடி அடியில் படிந்தது.

"இதுக்குத்தான் தண்ணியோடை சேருற உப்பாத் தெரிஞ்செடுத்தனான். உப்பு தண்ணியோடை போகும், மஞ்சள் நிக்கும்."

திங்கட்கிழமை பேராசிரியர் பொடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆர் செய்தது?"

நான் மேசையைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அக்காவும் நானும், சேர். கொழும்புக்கு அக்காவை அனுப்புங்கோ. மேடையைக் கண்டால் எனக்குக் கை நடுங்கும்."

நான் புறப்பட்ட அன்று பேருந்து நிலையத்துக்கு வந்து, இடியப்பப் பொதி ஒன்றை யன்னலால் நீட்டினார். "சம்பலுக்கு உப்பு நான்தான் போட்டனான், பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

உப்பர் இப்போது வெளிநாட்டில் பெரிய ஆள். எனக்கு இன்றும் அவர்மேல் பொறாமைதான். கள்ளியென்று தெரிந்தும் எனக்குச் சாப்பாடு கட்டித்தர வந்த அந்த மனம், அவருக்கு மட்டும் எங்கிருந்து வாய்த்தது?