சுவருக்கு முதுகு காட்டிய சித்தர்

ஆட்டம் தொடங்க இன்னும் வெகு நேரம் இருந்தது. அதற்குள் மதுக்கூடத்தில் நிற்க இடமில்லை. நாற்காலிக்கு ஒரு சண்டை, ஜன்னல் ஓரத்துக்கு ஒரு சண்டை. வாசலில் நின்ற வரிசை மூலை திரும்பி சலவைக்கடை வரைக்கும் போய்விட்டது. ஆகா, கால்பந்தின் மேல் மக்களுக்கு இவ்வளவு ஆசையா என்று ஏமாந்துவிடாதீர்கள். ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதிப்பேர்கூடத் தேற மாட்டார்கள். ஆட்டத்தைப் பார்க்காமலே சொல்கிற ஒரு மகானைப் பார்க்க வந்த கூட்டம் அது.

அவருக்குத் திரைச்சித்தர் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்காதீர்கள், அவரே வைத்துக்கொண்டது. கடையின் பெரிய சுவரில் மூன்று வரிசையாக ஒன்பது திரைகள் மாட்டியிருந்தன. ஒன்பதும் சேர்ந்து ஒரே படத்தைக் காட்டும். சித்தர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்காருவார். வர்ணனைச் சத்தத்தை அறவே நிறுத்திவிட வேண்டும். அவர் வாய் திறக்கும் வரைக்கும் வேறு யாரும் வாய் திறக்கக்கூடாது. அந்த அமைதியில் அவர் உடம்பிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு மெல்லிய ஓசை எழும். அது அவருடைய உள்மந்திரம் என்று, முன்வரிசையில் முதல் ஆளாக உட்காரும் பல் மருத்துவர் தன்னிடம் வாய் திறந்த நோயாளிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர்களால் மறுத்துப் பேச முடியாதே!

ஓசை அடங்கியதும் சித்தரின் வலது கை மேலே போகும்.

"வருது... நம்ம பக்கம் ஒண்ணு வருது!"

கூட்டம் திரையைப் பார்க்கும். அங்கே பந்து நடுத்திடலில் சோம்பேறித்தனமாக உருண்டுகொண்டிருக்கும். அரை நிமிடம் போகும். அப்புறம் எங்கிருந்தோ ஒருவன் ஓடிவந்து உதைப்பான். கோல்! கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். சித்தர் மட்டும் கண்ணைத் திறக்காமல் லேசாகச் சிரிப்பார்.

இதையெல்லாம் பார்த்து அதிகமாக வாய் பிளந்தவர் கடை முதலாளிதான். அவரை ஒரேயடியாகக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் பட்ட பாடு அப்படி. பெரிய திரை ஒன்றின் விலையைக் கடையில் கேட்டுவிட்டுத் தலை சுற்றி உட்கார்ந்தவர் அவர். அப்போது அவருடைய அக்காதான், "ஒண்ணு பெருசா வாங்க முடியலன்னா சின்னச் சின்னதா ஒன்பது வாங்குடா" என்றாள். மூடிப்போன ஓர் அலுவலகத்தின் கூட்ட அறைகளில் கிடந்த பழைய திரைகளை, ஒரே அளவாகப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு படத்தை ஒன்பதாக வெட்டிக் கொடுக்கும் பெட்டி ஒன்று கிடைத்தது. இரும்புக் கதவு செய்கிறவர் சட்டம் அடித்துக் கொடுத்தார். அக்கா அதற்கு முன்பே சுவரில் பழைய செய்தித்தாள்களைத் திரை அளவுக்கு ஒட்டி வைத்து, கடையிலுள்ள ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, முன்னால் இருப்பவன் மண்டை மறைக்கிறதா என்று பார்த்திருந்தாள். எல்லாத் திரைக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. குறைந்த செலவில் அழகான சுவர்.

சுவர் எழுந்த நேரம் பார்த்து நம் அணி வரிசையாகத் தோற்றது. கூட்டம் கரைந்தது. திறந்த வாசல் வழியாகச் சித்தர் உள்ளே வந்தார். சுவரை ஏற இறங்கப் பார்த்தார். திரைக்கும் திரைக்கும் நடுவில் ஓடும் கறுப்புச் சட்டத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

"கோல்கீப்பர் கழுத்துல கோடு போகுது பாருங்க. கழுத்து அறுந்தவன் எப்படிய்யா பந்தைப் பிடிப்பான்?"

கடையே 'ஐயோ' என்றது. கோடு போவது உண்மைதான். எதிரணி கோல்கீப்பரின் கழுத்திலும் அதே கோடுதான் போகிறது. இடைவேளைக்குப் பிறகு இருவரும் பக்கம் மாறி நின்றாலும் கோடு விடுவதில்லை. ஆனால் எதிரணிக்காரனுடைய கழுத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

பரிகாரமும் சித்தரே சொன்னார். ஒன்பதையும் கழற்றி எறிந்துவிட்டு, கோடே இல்லாத ஒற்றைத் திரையை மாட்ட வேண்டும். அப்படிப்பட்ட திரை அவருடைய மச்சான் கடையில் மட்டும்தான் கிடைக்கும். மச்சான் பணத்தாசை இல்லாதவர். காசு வேண்டாம், மதுக்கூடத்தில் பாதிப் பங்கை எழுதிக் கொடுத்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பாதிதான் அக்காவுடையது. கல்யாண வாழ்க்கை முறிந்து, ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். கையில் இருந்த எல்லாவற்றையும் இந்தக் கடையில் போட்டாள். அடுப்படி அவள் ராஜ்யம். அவள் கையெழுத்துப் போட்டால்தான் பங்கு மாறும். அதைக் கேட்க முதலாளிக்கு நாக்கு கூசியது. கூசினாலும் கேட்டுவிட்டார்.

அக்கா எண்ணெய்ச் சட்டியில் உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள். குளிர்பெட்டியின் மேல் பழைய சின்னத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கூரை ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பி அதற்கு.

"கையெழுத்து கிடக்கட்டும். நீ ஒண்ணு சொல்லு. போன ஆட்டத்துல நான் இங்க நின்னு கோலைப் பார்த்துட்டேன். அதுக்கப்புறம்தான் உங்க சித்தர் கையத் தூக்கினாரு. அதுக்கும் அப்புறம்தான் உன் சுவர்ல கோல் விழுந்துச்சு. அப்ப நான் யாருடா? பெரிய சித்தரா?"

முதலாளி யோசித்தார். முகம் மலர்ந்தது. "அக்கா, ஒருவேளை உனக்கும் அந்தச் சக்தி..."

"கையில கரண்டி இருக்கு. பார்த்துப் பேசு."

"பின்ன எப்படிக்கா?"

"இணையத்துல வர்றது ஊரெல்லாம் சுத்திட்டு அரை நிமிஷம் கழிச்சு வருது. கூரைக் கம்பியில நேரா வருது. உன் சுவர்ல ஓடுறது ஆறின ஆட்டம்டா."

"சரி, அவருக்கு யாரு முன்னாடியே சொல்றா? காதுல ஒண்ணும் இல்ல. நானே எட்டிப் பார்த்தேன்."

"அது எனக்கும் தெரியல. இந்தக் கம்பியப் பிடுங்கி உன் சுவர்ல சொருகினா தெரிஞ்சுடும். அப்பவும் அவர் முன்கூட்டியே சொன்னா, நான் பேசாம கையெழுத்துப் போட்டுட்டு என் பெட்டிய எடுத்துட்டுப் போயிடறேன்."

கடைசி வார்த்தை முதலாளியின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. போகாதே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சித்தர் ஜெயிப்பார் என்றும் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

அன்றைய ஆட்டத்துக்குச் சித்தர் வருவதற்கு முன்பே கம்பி மாறிவிட்டது. அக்கா கூட்டத்தின் முன் நின்று, "இன்னைக்கு சித்தர் வாயத் திறக்கற வரைக்கும் என்ன நடந்தாலும் ஒரு சத்தம் வரக்கூடாது. அடக்கிட்டு இருக்கறவங்களுக்கெல்லாம் ஒரு தட்டு வறுவல் இலவசம்" என்றாள். பக்தியோடு வறுவலும் சேர்ந்தால் மனிதன் எதைத்தான் அடக்க மாட்டான்?

சித்தர் வந்தார். சுவருக்கு முதுகைக் காட்டினார். கண்ணை மூடினார். ஒலி நின்றது. ஆட்டம் தொடங்கியது. முதலாளி கல்லாவின் பின்னால் வேர்த்துக் கொட்ட நின்றார்.

நம் அணிக்காரன் ஒருவன் இடது ஓரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். முதலாளி சித்தரின் கையைப் பார்த்தார். கை மடியில் கிடந்தது. பந்து உள்ளே வந்தது. கை மடியிலேயே கிடந்தது. உதைத்தான். வலை குலுங்கியது.

கோல். சித்தருக்குத் தெரியாத கோல்.

கடைக்குள் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் சத்தமில்லாமல் எகிறிக் குதித்தான். இரண்டு பேர் கட்டிக்கொண்டு ஊமைகளாக ஆடினார்கள். ஒருத்தி கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பல் மருத்துவர் தன் முஷ்டியைக் கடித்துக்கொண்டு சித்தரையே பார்த்தார். சித்தரோ சாந்த சொரூபமாக வீற்றிருந்தார். சுவரில் வீரர்கள் கொண்டாடி முடித்து நடுத்திடலுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்கள்.

'ர்ர்ர்.'

கை உயர்ந்தது. "வருது... நம்ம பக்கம் ஒண்ணு வருது!"

கடைசியில் பல் மருத்துவர்தான் பணிவாகச் சொன்னார்:

"சாமி... அது வந்துட்டுப் போயிடுச்சு."

சித்தர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நான் சொன்னது அடுத்தது."

"ரொம்ப நல்லதா போச்சு" என்றபடி, 'ர்ர்ர்' வந்த திசையைக் கவனித்திருந்த அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அடுத்தது வர்ற வரைக்கும் அந்த உள்மந்திரத்தை இடுப்புலேருந்து எடுத்து மேசை மேல வைங்க. எதுக்கு பாரம் சுமக்கறீங்க?"

அத்தனை பேர் பார்வையும் இடுப்புக்குப் போனதும் சித்தரால் மறுக்க முடியவில்லை. வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கைபேசி வெளியே வந்து மேசையில் படுத்தது. ஆட்டம் தொடர்ந்தது. ஒரு கண் சுவரில், ஒரு கண் மேசையில் என்று கூட்டம் உட்கார்ந்திருந்தது. இடைவேளைக்குப் பிறகு எதிரணி ஒரு கோல் போட்டது. சற்று நேரத்தில் கைபேசி 'ர்ர்ர், ர்ர்ர்' என்று இரண்டு முறை துடித்து மேசையில் நகர்ந்தது. அதன் முகப்பில் மச்சான் என்று இருந்தது. கீழே 'அவங்களுக்கு ஒண்ணு' என்று இருந்தது. கோடில்லாத திரை விற்கிற மச்சான், தன் கடையில் கூரைக் கம்பி வழியாக நேராக ஆட்டம் பார்த்து, நமக்கு ஒரு துடிப்பு, அவர்களுக்கு இரண்டு என்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

சித்தர் எழுந்தார். "கம்பிய மாத்தியிருக்கீங்க! எங்கிட்ட சொல்லாம யாரு மாத்தினது?"

"எல்லாத்தையும் முன்னாடியே பார்க்கறவருக்கு இதையும் சொல்லணுமா?" என்றாள் அக்கா.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் சிரிப்பாக வெடித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் திரைச்சித்தர் கைபேசியைப் பொறுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். எதிரே தட்டோடு வந்த பணியாள் மேல் மோதிக்கொண்டுதான் வெளியே போனார். அதுவும் அவருக்கு முன்கூட்டித் தெரியவில்லை.

முதலாளி அக்காவிடம் போய் நின்றார். கண் கலங்கியது. "தப்பு பண்ணிட்டேன்கா. உன் பங்கைப் போய்..."

"போடா, போய் வறுவலைக் கொண்டுபோய்க் கொடு. சொன்ன வார்த்தையக் காப்பாத்தணும்ல" என்றாள் அக்கா.

ஆட்டம் சமனில் முடிந்தது, கழுத்தில் கோட்டோடு. கூட்டம் கலையும்போது பல் மருத்துவர் அக்காவின் பக்கத்தில் வந்து குனிந்தார். கண்ணில் பழைய பக்தி அப்படியே இருந்தது.

"அக்கா, கம்பிய மாத்தினதும் நம்மாளுங்க தோக்காம தப்பிச்சுட்டாங்க, கவனிச்சீங்களா? ராசியான கம்பி. ஒரு தடவை தொட்டுக்கட்டுமா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"டாக்டரய்யா, படம் அரை நிமிஷம் லேட்டா வந்துச்சு, ஒரு கம்பிய மாத்தி சரி பண்ணிட்டேன். உங்க புத்தி இன்னும் வந்து சேரலையே, அதுக்கு எந்தக் கம்பிய மாத்தறது?"