நெவில் பார்த்த பெருங்குருகு

"பார்த்துட்டேன்" என்றாள் ஹில்டா.

ராய்ஸ்டன் கையை இன்னும் முழுதாக நீட்டி முடிக்கவில்லை. வழிகாட்டி கையை நீட்ட வேண்டும், வந்திருக்கும் எட்டுப் பேரும் பைனாகுலரைத் தூக்க வேண்டும், எங்கே எங்கே என்று தேட வேண்டும். பறவை அதற்குப் பிறகுதான். ஹில்டாவுக்கு மட்டும் பறவைகள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகின்றன போலிருந்தது.

"எங்க?" என்றார் நெவில்.

"வேலிக்கு அந்தப் பக்கம். சேத்துல."

"அங்க ஒண்ணுமில்லையே."

"இப்ப இல்ல. போயிடுச்சு."

எப்போதும் போய்விடுகிறது. நெவில் பைனாகுலரை இறக்கிவிட்டு மனைவியின் பின்னந்தலையைப் பார்த்தார். இந்த மூன்று நாட்களில் பறவைகளைவிட அதைத்தான் அவர் அதிகம் பார்த்திருந்தார்.

முப்பத்தோரு வருடம் மழையிலும் பனியிலும் நின்று அவர் பார்த்துப் புத்தகத்தில் எழுதிச் சேர்த்தது முந்நூற்றுப் பன்னிரண்டு வகைப் பறவைகள். ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், காற்றின் திசை. ஹில்டா ஆறு வருடத்துக்கு முன் முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று கூட வரத் தொடங்கியவள். அவளுடைய பைனாகுலர் மாதா கோயில் விற்பனையில் வாங்கியது; ஒரு பக்கக் கண்ணாடி ரப்பர் வளையத்தில் தொங்குகிறது. போன மார்ச்சில் அவள் புத்தகத்திலும் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. இங்கிலாந்தின் இந்த நார்ஃபோக் கடற்கரையில் கிடைக்கிற பறவைகளில் இருவர் புத்தகத்திலும் இல்லாதது ஒன்றே ஒன்று: கொம்பு வானம்பாடி. கடைசி நாள் காலையில் கூழாங்கல் கரையில் காட்டுவதாக ராய்ஸ்டன் சொல்லியிருந்தான். பத்து மணிக்குக் கடல் ஏறிவிடும், அதற்குள் பார்த்தால் உண்டு.

கரையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ராய்ஸ்டன் கையைத் தூக்குவான். ஹில்டா "பார்த்துட்டேன்" என்பாள். நெவிலுக்கு மூன்று இரவாகத் தூக்கம் இல்லை.

தினமும் சாப்பாட்டுக்கு முன் விடுதிக் கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். ராய்ஸ்டன் பறவைப் பெயர்களைப் படிப்பான். பார்த்தவர்கள் "பார்த்தேன்" என்பார்கள். அவ்வளவுதான், ஏட்டில் ஏறிவிடும். சாட்சி கிடையாது. சாட்சி கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட மோசம். ஆனால் ஒரே ஒரு பொய் வெளிப்பட்டால் ஆயுள் முழுவதும் எழுதிய புத்தகம் வெறும் காகிதம். நெவிலின் ஊர்ச் சங்கத்தில் ஒருவர் இல்லாத ஆந்தையைப் பார்த்ததாகச் சொல்லி மாட்டிக்கொண்டார். அவர் இப்போது தபால்தலை சேகரிக்கிறார்.

ஆகவே நெவில் ஒரு சோதனை வைக்க முடிவு செய்தார்.

அன்று பிற்பகல் மழை. நாணல் காட்டை ஒட்டி, பறவை பார்க்கக் கட்டிய மரக்குடிலில், நீளமான திறப்புக்குப் பின்னால், கணவன் மனைவி இருவர் மட்டும். மற்றவர்கள் வாசலில் ராய்ஸ்டனோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நெவில் பெருங்குருகைத் தேர்ந்தெடுத்திருந்தார். நாணல் நிறம். ஆபத்தென்றால் அலகை மேலே தூக்கி நாணலோடு நாணலாக நிற்கும். இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. இருவர் புத்தகத்திலும் ஏற்கெனவே இருக்கிற பறவை என்பதால் லாபத்துக்குச் சொல்லும் பொய் என்றும் ஆகாது. விசாரணைக்குச் சொல்லும் பொய்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். ஓரக்கண்ணால் ஹில்டாவைப் பார்த்தார்.

"பெருங்குருகு" என்றார் மெதுவாக.

ஹில்டா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாணலைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். "பார்த்துட்டேன்."

நெவிலின் நெஞ்சு குளிர்ந்தது. இன்றிரவு எல்லோர் முன்னாலும் 'பார்த்தேன்' என்று சொல்லட்டும். அறைக்குப் போனதும் அவள் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பறவையாக விசாரிக்கலாம்.

"என்ன, பெருங்குருகா?" பின்னாலிருந்து ஒரு குரல். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் பெர்சிவல் தேநீரோடு உள்ளே வந்திருந்தார்.

"போயிடுச்சு" என்றார் நெவில் அவசரமாக.

"இல்லயே, இருக்கே! அந்தக் கழுத்துதானே? நாணல் ஆடுற மாதிரியே ஆடுது பாருங்க!"

ஒரு நிமிடத்தில் ஆறு பேரும் திறப்பில் முட்டிக்கொண்டிருந்தார்கள். நெவில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார் ஒருவர். அலகு தெரிகிறது என்றார் இன்னொருவர். கண்ணைச் சிமிட்டுகிறது என்றாள் ஒரு அம்மாள். ராய்ஸ்டன் உள்ளே வந்து நெடுநேரம் தேடினான். பிறகு பைனாகுலரை இறக்கிக் கண்ணாடியைத் துடைத்தான்.

இரவு கூடத்தில் ராய்ஸ்டன் படித்துக்கொண்டே வந்தான். பெருங்குருகு வந்தது. பெர்சிவல் "பார்த்தேன்." அடுத்து ஐந்து "பார்த்தேன்."

"ஹில்டா?"

"இல்ல."

நெவில் கையிலிருந்த வேர்க்கடலை ஒன்று கீழே விழுந்தது.

"அங்க ஆமான்னு சொன்னீங்களே?" என்றார் பெர்சிவல்.

"சொன்னேன்" என்றாள் ஹில்டா. குரலைத் தாழ்த்திக்கொண்டாள், எல்லோருக்கும் கேட்கிற அளவுக்கு. "நெவிலுக்குக் கொஞ்ச நாளா கண்ணு சரியில்ல. நேத்துகூட வயல்ல கிடந்த சாக்க முயல்னாரு. பாவம், மனசு நோகுமேன்னு ஆமான்னேன். ஆனா ஏட்டுல பொய் எழுதக் கூடாதில்லையா?"

"எனக்கும் அப்பவே சந்தேகம்தான்" என்றார் பெர்சிவல். "நான் கழுத்த மட்டும்தான் பார்த்தேன்."

"நான் பார்த்தது நாணலா இருக்கலாம்" என்றாள் அந்த அம்மாள். ஒவ்வொருவராகப் பறவையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் அது நெவில் ஒருவரிடம் வந்து நின்றது.

"நெவில், நீங்க?" ராய்ஸ்டன் மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

கண் நன்றாக இருந்தால் பொய்யன். கண் கெட்டிருந்தால் பாவப்பட்டவன். இரண்டில் ஒன்றை அவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"கொஞ்சம் மங்கலாத்தான் தெரிஞ்சுது" என்றார்.

எல்லோரும் அன்பாகிவிட்டார்கள். அந்த அம்மாள் தன் வேர்க்கடலையைக் கொடுத்தாள். ராய்ஸ்டனின் மைத்துனர் பக்கத்து ஊரில் கண் பரிசோதகர். ராய்ஸ்டன் அங்கேயே ஃபோன் போட்டான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒரு இடம் இருக்கிறது. நெவிலை அங்கே இறக்கிவிட்டு வேன் கூழாங்கல் கரைக்குப் போகும்.

"நாளைக்குக் கொம்பு வானம்பாடி இருக்கே" என்றார் நெவில்.

"கண்ணு முக்கியமா, வானம்பாடி முக்கியமா?" என்றாள் ஹில்டா. வட்டம் முழுவதும் தலையை ஆட்டியது.

அறையில் நெவில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியுமே."

"அப்ப அங்க எதுக்கு ஆமான்ன?"

"நீ பைனாகுலரோட மூடிய எடுக்கவே இல்ல என் ராசா" என்றாள் ஹில்டா, காலுறையைக் கழற்றியபடி. "முன்னாடி ரெண்டு கண்ணாடியிலயும் கறுப்பா மூடி அப்படியே இருந்துச்சு. அதுக்குள்ள நீ என்ன பார்த்தியோ, அதத்தான் நானும் பார்த்தேன்."

மூடியை அவள் குடிலின் இருட்டில் பார்த்திருக்கிறாள். ஒரே நொடியில். நெவில் விளக்கை அணைத்துவிட்டார்.

காலை ஒன்பதே முக்காலுக்குத்தான் முறை வந்து, அவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் உற்சாகமான மனிதர்.

"இப்பத்தான் ராய்ஸ்டன் ஃபோன் பண்ணினான். ஏழு வானம்பாடியாம்! கொம்பு வச்சது. முதல்ல பார்த்தது உங்க வீட்டம்மாதானாம். கண்ணுன்னா அதுதான் கண்ணுங்கிறான்." விளக்கை இறக்கினார். "மங்கல் எவ்வளவு நாளா?"

"திங்கட்கிழமையிலிருந்து" என்றார் நெவில்.

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி அருமையா இருந்துச்சு. முப்பத்தோரு வருஷமா. அத உங்க சீட்டுல எழுதிக் கொடுக்க முடியுமா?"

"எழுதிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நானும் விடுதிக்கு வர்றேன், ராய்ஸ்டன்கிட்ட முடிவ நானே சொல்லிடறேன். இப்ப எதிர்ல பாருங்க. எது வரைக்கும் படிக்க முடியுது?"

எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. கடைசி வரி சுத்தமாகத் தெரிந்தது. அதற்கும் கீழே, ஓரத்தில், எறும்பளவு எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருந்தன. அதையும் மனதுக்குள் படித்து முடித்தார். பிறகு மேலே, கையளவு இருந்த முதல் எழுத்தைப் பார்த்து, மெல்லக் கண்ணைச் சுருக்கினார்.