மாப்பிள்ளை பலகை அடித்த படகு

எங்கள் பக்கத்தில், வீட்டு மாப்பிள்ளை தப்பாகப் பேசினால் அதைத் தப்பு என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதை இல்லை. இதனால் மாப்பிள்ளைகளுக்குத் தாங்கள் அறிவாளிகள் என்ற எண்ணம் உண்டாகிறது. எனக்கும் உண்டானது. அதில் என் மச்சானின் படகு போனது.

மச்சான் ஏழுமலை, என் மனைவி கவிதாவின் அண்ணன். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சிறிய அறை வைத்த பழைய படகு ஒன்றைப் பழவேற்காட்டில் வாங்கினார். ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்க வரும் ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்கு, கருவிகளை நனையாமல் வைக்க அறையுள்ள படகு ஒரு வருட வாடகைக்கு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அது அமைந்தால் மச்சான் மறுபடி ஷிப்டுக்குப் போக வேண்டியதில்லை.

அறையின் உட்சுவர்ப் பலகைகள் பாதி உயரத்துக்குக் கறுத்து, டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி இருந்தன. விரல் வைத்தால் உள்ளே போனது.

"ஆசாரிய இட்டாந்து காட்லாமா மாப்ள?" என்றார் மச்சான்.

அப்போது நான் ஒரு நாளிதழின் வட்டார நிருபர். முந்தைய மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைப் போக்குவது பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். (இரண்டு பேரிடம் போனில் கேட்டு எழுதியது. அதில் ஒருவர் பெயின்ட் விற்பவர்.) "ஆசாரி எதுக்கு மச்சான்? நானே முடிச்சுத் தரேன்" என்றேன்.

பலகைகளைப் பிய்த்தோம். பின்னால் இருந்த சட்டங்களும் ஈரமாக இருந்தன. கரைக் கடையிலிருந்து வயர் இழுத்து, டேபிள் பேன் வைத்து இரண்டு நாள் காயவிட்டேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு இயந்திரம் வரும் பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் பிளைவுட் வாங்கினேன். அளவெடுத்து அறுத்து, ஸ்குரூ போட்டு, மேலே மைக்கா ஒட்டினேன். கீழ் விளிம்பு முழுக்க சிலிக்கான் பூசி அடைத்தேன். கீழேயிருந்து ஒரு சொட்டு ஏறக் கூடாது என்பது என் ஏற்பாடு.

சோறு கொண்டுவந்த கவிதா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சின்னு பாத்தீங்களா?"

"அது பழைய தண்ணி" என்றேன்.

அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மச்சான் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இல்ல மாப்ள, மேல அந்தக் கம்பி போல்ட்டாண்ட..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துக்கொண்டார்.

யார், எங்கே, எப்போது என்று ஊரையெல்லாம் கேட்டுப் பிழைத்தவன், ஏன் என்று ஒரு படகைக் கேட்கவில்லை.

வியாழன் மாலை நல்ல மழை பெய்தது. வெள்ளி காலை குழுவின் தலைவி வந்தார். உள்ளே நுழைந்ததும், "பளிச்சுன்னு இருக்கே" என்றார். ஒரு பக்கச் சுவர் லேசாகத் தொப்பை போட்டிருந்ததை நான் கவனித்தேன். நிருபருக்குக் கவனிப்பு முக்கியம். கவனித்துவிட்டு, அதை மறைத்து நின்றுகொண்டேன்.

படகு ஆடியது. அந்த அம்மாள் தடுமாறி, எனக்குப் பக்கத்தில் சுவரில் கையூன்றினார். சிலிக்கான் விட்டது. கூரையிலிருந்து இறங்கி, வெளியேற வழியில்லாமல் பலகைக்குப் பின்னால் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் மொத்தமும் அவர் ஷூவிலும் கருவிப் பையிலும் கொட்டியது. பலகை பெயர்ந்து குப்புற விழுந்தது. அதன் முதுகில், பெட்டியாக இருந்தபோது அச்சடித்த குடைப் படம். நனையாமல் வைக்கவும் என்று அர்த்தம். அதை உள்பக்கமாகத் திருப்பிப் பொருத்தியது நான்தான்.

அவர் கத்தவில்லை. பையை உதறினார். "ஏரி படகுக்கு வெளியதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

மச்சான் அந்தப் பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். பிறகு, "ரொம்ப பேஜாரா பூட்ச்சி. நீங்க உக்காருங்க மாப்ள, டீ சொல்றேன்" என்றார். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

சில வாரங்களில் படகு கைமாறியது. வாங்கியவர் ஆசாரியை வைத்துக் கூரைக் கைப்பிடிக் கம்பியின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பர் வைத்து இறுக்கினார். அரை நாள் வேலை. அந்தக் குழுவின் கருவிகள் இப்போது அதே படகில் நனையாமல் போய்வருகின்றன. மச்சான் அதே கம்பெனியில், காண்ட்ராக்டில், ஷிப்ட் பார்க்கிறார்.

குடும்ப விசேஷங்களில் சாப்பாடு முடிந்ததும் யாராவது இந்தக் கதையைக் கேட்பார்கள். மச்சான்தான் சொல்வார், நன்றாகவே சொல்வார். ஆனால் அவர் சொல்லும் கதையில் பலகை வாங்கியவர், அறுத்தவர், கூரையைப் பார்க்காத மடையன் எல்லாம் அவரே. "மாப்ள அப்பவே சொன்னாரு, ஆசாரிய கூப்புடுன்னு. நாந்தான் கேக்கல" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கவிதா மட்டும் என்னைப் பார்ப்பாள்.

பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் மறுநாளே திருத்தம் போடும் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். இதற்கு மட்டும் இன்னும் திருத்தம் போடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில், எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.