உடைய மறுத்த ஆக்ஸில்

ஒரு காட்டில் தார் ரோடு போட்ட நாளிலிருந்து மிருகங்களுக்கெல்லாம் கார்ப் பைத்தியம் பிடித்திருந்தது. அந்தக் காட்டில் மாசானம் என்றொரு சருகுமான் இருந்தான். முயல் உயரம்தான். சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் ரோடே தெரியும். ஆனாலும் மலைப்பாதைப் பந்தயத்தில் ஒரு தடவையாவது எல்லைக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

பந்தயத்தில் ஜெயிப்பது எப்போதும் புலி ராஜாதான். மாசானத்தின் வண்டி பாதி மலையிலேயே படுத்துவிடும்.

வண்டியில் குறை சொல்ல முடியாது. பேச்சி என்கிற மரங்கொத்தி மெக்கானிக் அதில் டர்போ மாட்டி, இஞ்சினின் பலத்தை இரண்டு மடங்காக ஏற்றியிருந்தாள். முதல் வருஷம் கிளட்ச் பிளேட் கருகியது. கெட்டியான கிளட்ச் போட்டாள். அது வழுக்காமல் மொத்த இழுவையையும் பின்னால் தள்ளிவிட, அடுத்த வருஷம் கியர் பாக்ஸுக்குள் பல்லெல்லாம் உதிர்ந்தது. பந்தயக் கியர் வந்தது. அதற்கடுத்த வருஷம் ஆக்ஸில் முறிந்து, ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஓடிப்போய்க் குளத்தில் குதித்தது.

"ஒண்ணைப் பலமாக்குனா அடுத்தது உடையுதே அக்கா?" என்று மாசானம் மூக்கை உறிஞ்சினான்.

"உடையட்டும்லே. உடையறதுக்கு இன்னும் எத்தனை சாமான்தான் மிச்சம் இருக்கும்?"

பேச்சி தன் வேலையில் தப்பு என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. ரோடு சரியில்லை, பெட்ரோல் சரியில்லை, ஓட்டினவன் சரியில்லை. அவள் மட்டும் சரி.

மாசானத்துக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. வண்டி படுக்கிற ஒவ்வொரு தடவையும் கொம்பையா என்கிற காட்டுப்பன்றி வந்து, "பொழைக்கத் தெரிஞ்சவன்டே நீ" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார். ஆறுதல் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

இந்த வருஷம் பேச்சி ஆக்ஸிலையும் தடித்த எஃகில் செய்து மாட்டினாள். ஒவ்வொரு சாமானையும் அலகால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டாள். "இனி இந்த வண்டியில ஏதாவது உடையணும்னா, நீதாம்லே உடையணும்" என்றாள்.

பந்தயத்தன்று காலையில் கொம்பையா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "தம்பி, இந்த வருஷம் எந்த வளைவுல நிக்கப்போற?"

"நிக்கப்போறதில்ல அண்ணாச்சி. சாமானெல்லாம் புதுசு."

கொம்பையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

கொடி இறங்கியது. முதல் வளைவிலேயே கரடியின் ரேடியேட்டர் கொதித்துப் புகைந்தது. கொஞ்ச தூரத்தில் மிளா மானின் டயர் போனது. கடைசி வளைவுக்கு முன்னால் கொம்பையா ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, தன் வண்டியின் தண்ணீர்க் குழாயைத் தன் கோரைப்பல்லாலேயே குத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வெந்நீர் பீய்ச்ச, "ஐயோ, குழாய் வெடிச்சிருச்சே!" என்று கத்தினார்.

அதை யோசிக்க மாசானத்துக்கு நேரமில்லை. முன்னால் புலியின் கார் போய்க்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். டர்போ விசிலடித்தது. தாண்டிவிட்டான்.

முன்னால் யாருமே இல்லாத ரோட்டை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அழுகை வரும்போல இருந்தது. அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடி நிறைய ராஜாவின் முகம். கோபமே இல்லை. உதட்டை நக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

கொம்பையா ஏன் குழாயைக் குத்தினார் என்பது மாசானத்துக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

சும்மா நிறுத்தினால் ராஜாவுக்குப் பிச்சை போட்டது போலாகிவிடும். வண்டி தானாக உடைய வேண்டும். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தான். கியரைத் தப்பாகப் போட்டான். கிளட்ச்சைத் தடாரென்று விட்டான். "உடைஞ்சிரு தாயே, உடைஞ்சிரு" என்று கெஞ்சினான். ஒன்றும் உடையவில்லை.

கோடு நெருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் நிறுத்தி, குதித்து இறங்கி, பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டான்.

ராஜாவும் நிறுத்தி இறங்கி வந்தார். "என்னப்பா ஆச்சு?"

"பின்னாடி ஆக்ஸில் போச்சு ராஜா."

"பின்னாடி ஆக்ஸிலை முன்னாடி தேடுறியே?"

"இஞ்சினும் போச்சு ராஜா."

"எங்க, ஸ்டார்ட் பண்ணு."

ஒரே திருகல். இஞ்சின் பால் குடித்த பூனை மாதிரி உறுமியது. மாசானத்தின் குச்சிக் கால்கள் நடுங்கின.

மரத்திலிருந்து பேச்சி பறந்து வந்தாள். அந்தக் கால்களைப் பார்த்தாள். அலகை இஞ்சினுக்குள் விட்டு டொக் டொக்கென்று தட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிட்ட வராதீங்க ராஜா. இது வெடிக்கப்போவுது. பிஸ்டனைத் தப்பா மாட்டிட்டேன். என் வேலைதான்... என் வேலைதான் சரியில்ல."

ராஜா ஒரே பாய்ச்சலில் தன் காருக்குள் விழுந்தார். அதே வேகத்தில் கோட்டையும் தாண்டினார். காடே கைதட்டியது.

"நல்ல இஞ்சின்லே அது" என்று பேச்சி விசும்பினாள்.

"தெரியும் அக்கா."

இனி யாரும் தன் பட்டறைப் பக்கம் வரமாட்டார்கள் என்று பேச்சி நினைத்தாள். மறுநாள் காலையில் பட்டறை வாசலில் குளம் வரைக்கும் வரிசை நின்றது. கரடி முன்னால் வந்து, "பேச்சி, எனக்கும் அந்த மாதிரி ஒரு கோளாறு போட்டுக் குடு. ரேடியேட்டரைக் கொதிக்க வச்சே மூஞ்சி வெந்துபோச்சு" என்றது.

பேச்சி யோசித்து ஒரு போல்ட் செய்தாள். மலையெல்லாம் ஜோராக ஏறும். கடைசி வளைவில் 'டக்'கென்று முறியும். காடு முழுக்க மாட்டிக்கொண்டது. மாசானமும் மாட்டிக்கொண்டான்.

கடைசியில் புலி ராஜாவே பட்டறைக்கு வந்தார். "எல்லாரும் ஏதோ புதுச் சாமான் போட்டிருக்காங்களாமே. ராஜாவுக்கு மட்டும் கிடையாதா?"

எதற்கு என்று சொல்லவும் முடியாது, மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. இருப்பதிலேயே பெரிய போல்ட்டாகப் பார்த்துப் பேச்சி மாட்டிவிட்டாள்.

அடுத்த பந்தயம். கடைசி வளைவில் முதலில் ராஜாவின் வண்டி 'டக்'கென்றது. பின்னாலேயே எல்லா வண்டிகளும் டக், டக், டக். கோட்டை யாரும் தொடவில்லை. ராஜா இறங்கி நின்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவசரமாகத் தங்கள் தங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

நடுவராக இருந்த இருவாச்சிப் பறவை மூன்று தரம் தொண்டையைச் செருமியது. பிறகு இறக்கையை விரித்து அறிவித்தது:

"முதலில் உடைந்த வண்டி ராஜாவின் வண்டியே! கெட்டுப்போவதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை! வெற்றி ராஜாவுக்கே!"

அன்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் மாசானம்.

நீதி: வண்டியை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட வை; அது எந்த இடத்தில் கெட்டுப்போக வேண்டும் என்பதை மட்டும் கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்து முடிவு செய்.